தொல்லியலில் கோட்பாடு: மட்டங்களும் பள்ளிகளும் – யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

களப்பயிற்சிக்கு வரும் முதலாம் வருடப் பிள்ளைகள், தோட்டத்துக்குள் ஓடு பொறுக்கிக்கொண்டு வரும் ஊர்ப் பெரியவர்கள், உயர்தர வகுப்புக்கு வரலாறு படிப்பிக்கும் ஆசிரியர்கள் என்று யார் வந்தாலும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். ஒவ்வொரு முறையும் வேப்பமர நிழலில் நின்று சொல்வதைவிட ஓரிடத்தில் எழுதிவைப்பது நல்லது என்று பட்டது. கேள்விகளைக் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன். சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் முந்திய பதிலைக் காட்டுவதற்காக எண் போட்டிருக்கிறேன்.

1. "தியரி எண்டா என்ன? நிலத்தைத் தோண்டி, வாறதைச் சொல்லுறதுதானே தொல்லியல்?"

நிலம் தானாக ஒன்றும் சொல்லாது. யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பழைய ஊரான கந்தரோடையில் ஒரு குழி வெட்டப் போகிறீர்கள் என்று வையுங்கள். எந்த வளவில் வெட்டுவது, எவ்வளவு ஆழம் போவது, சல்லடைக் கண் எத்தனை மில்லிமீற்றர், எதைப் பையில் போடுவது, எதை மண்ணோடு கொட்டுவது என்பதெல்லாம் மண்வெட்டி படுமுன்பே முடிவாகிவிடும். அந்த முடிவுகளுக்குப் பின்னால் 'இதுதான் முக்கியம்' என்ற ஓர் எண்ணம் இருக்கும். அதைத்தான் கோட்பாடு என்கிறோம்.

போல் ஈ. பீரிஸ் 1917இலும் 1919இலும் கந்தரோடையைப் பற்றி எழுதினார். நாகதீபமும் (நாகதீவு, யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய பெயர்) யாழ்ப்பாணத்துப் பௌத்த எச்சங்களும் என்பதுதான் அவர் எடுத்த பொருள். சின்னத் தூபிகளும் சிலைகளும் அவர் கண்ணில் பட்டன. 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகக் குழு அதே ஊரில் வெட்டியபோது தேடியது, அடியில் கிடந்த பெருங்கற்காலப் (பெரிய கற்களால் ஈமச்சின்னம் அமைத்த இரும்புக்காலம்) பானை ஓடுகளையும் அவற்றின் வயதையும். ஊர் ஒன்று, கேள்வி வேறு, பையில் விழுந்ததும் வேறு. "எனக்குத் தியரி ஒன்றும் கிடையாது, உள்ளதைச் சொல்கிறேன்" என்பவரிடம்தான் இருப்பதிலேயே பழைய தியரி இருக்கும். அவருக்கு அது தெரியாது, அவ்வளவுதான்.

2. "கீழ் மட்டம், நடு மட்டம், மேல் மட்டம் எண்டு வகுப்பிலை சொல்லுறாங்கள். எது எங்கை முடியுது, எது எங்கை தொடங்குது சேர்?"

கையில் ஒரு துண்டை வைத்துக்கொண்டு பேசுவோம். உள்ளங்கை அளவு பானை ஓடு. உள்பக்கமும் விளிம்பும் நல்ல கறுப்பு. வெளிப்பக்கம் விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே தொடங்கிச் சிவப்பு. உடைந்த ஓரத்தைத் திருப்பிப் பார்த்தால் கறுப்பும் சிவப்பும் ஒன்றையொன்று தொடும் இடம் தெரியும். தடவினால் வழவழப்பாக இருக்கும். இதற்குக் 'கறுப்பு-சிவப்பு மட்பாண்டம்' என்று பெயர் கொடுத்து, வட்டில் விளிம்பு என்று வகைப்படுத்தி, இன்ன குழியில் இன்ன அடுக்கில் வந்தது என்று பதிவது கீழ் மட்டம். வகைப்பாடு, அளவு, கீழடுக்கு முந்தியது மேலடுக்கு பிந்தியது என்ற விதி எல்லாம் இதற்குள் அடங்கும். இதிலும் சண்டை வரும். ஆனால் ஓட்டை மேசையில் வைத்து நாலு பேர் பார்த்தால் தீரும்.

இந்த நிறம் எப்படி வந்தது? பானையைக் கவிழ்த்துச் சுட்டால் காற்றுப் போகாத உள்பக்கம் கறுக்கும், காற்றுப் படும் வெளிப்பக்கம் சிவக்கும் என்பது பரவலான விளக்கம்; இரண்டு தடவை சுட்டது என்பாரும் உண்டு. சுட்டுப் பார்த்தும், இன்றைய குயவரைப் பார்த்தும்தான் இதைத் தீர்க்க முடியும். இன்று கையில் இருக்கும் எச்சத்தை அன்று நடந்த செயலோடு இணைக்கிற இந்த வேலை நடு மட்டம். சரி, ஒரே மாதிரி ஓடு பாக்குநீரிணையின் இரு கரையிலும் ஏன் கிடக்கிறது? ஆட்கள் பெயர்ந்தார்களா, பண்டம் பெயர்ந்ததா, சடங்கு பரவியதா, ஒரு சமூகம் ஏன் மாறுகிறது? இது மேல் மட்டம். ஓட்டை எத்தனை தரம் திருப்பிப் பார்த்தாலும் அதில் விடை எழுதியிருக்காது.

மட்டங்களுக்கு நடுவே வேலி கிடையாது. ஆனால் யாழ்ப்பாணத் தொல்லியலில் நடக்கிற பெரிய சண்டைகளில் முக்கால்வாசி, கீழ் இரண்டு மட்டங்களிலும் வேலை அரைகுறையாய்க் கிடக்க மேல் மட்டத்தில் நின்று கத்துவதுதான் என்பது என் எண்ணம். கீழே வரும் பதில்கள் பலவற்றில் இது திரும்ப வரும்.

3. "நடு மட்டத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு அமளி?"

1960களில் பிரான்சின் மூஸ்டேரியன் காலக் (நியாண்டர்தால் மனிதர் காலம்) கற்கருவிகளை வைத்து ஒரு வழக்கு நடந்தது. அடுக்குக்கு அடுக்கு கருவிகளின் சேர்க்கை மாறுகிறது. இவை வெவ்வேறு மனிதக் கூட்டங்களின் அடையாளம் என்றார் பிரான்சுவா போர்ட். வெவ்வேறு வேலைகளின் அடையாளம் என்றார் அமெரிக்கரான லூயிஸ் பின்ஃபோர்ட். இரண்டு பேர் முன்னாலும் இருந்தவை அதே கற்கள்தான். எந்த வேலை எந்த மாதிரிக் குப்பையை விட்டுப்போகும் என்று தெரியாமல் இந்த வழக்கு முடியாது என்று பின்ஃபோர்ட் கண்டார்.

அலாஸ்காவில் நுனாமியுட் வேட்டைக்காரரிடம் போய்த் தங்கி, கரிபு மானைத் தின்றுவிட்டு எலும்பை எங்கே போடுகிறார்கள் என்று பார்த்தார். நெருப்பைச் சுற்றி இருக்கும்போது சின்னச் சிதறல்கள் காலடியில் விழும். பெரிய எலும்பை முதுகுக்குப் பின்னாலோ நெருப்புக்கு அப்பாலோ எறிவார்கள். நெருப்பைச் சுற்றி இரண்டு வளையம் உண்டாகும். 1978இல் இதையெல்லாம் புத்தகமாக்கினார். இன்றைய வாழ்க்கையை இப்படித் தொல்லியல் கண்ணோடு பார்ப்பதை இனத்தொல்லியல் என்பார்கள். யாழ்ப்பாணத்து மீன்பிடிக் கரைகளான குருநகரிலோ பாசையூரிலோ வலை திருத்தும் இடத்தை ஒரு வருடம் ஒழுங்காகக் குறித்துவைத்தால், கரையோரம் கிடக்கும் பழைய சிப்பிக் குவியல்களைப் பற்றிக் கனக்கப் பேசலாம். செலவு குறைவு, தோண்ட அனுமதி தேவையில்லை. ஆனாலும் பிள்ளைகள் எல்லாரும் குழிக்குள் இறங்கத்தான் ஆசைப்படுகிறார்கள்.

4. "தம்பி, கிணறு வெட்டேக்கை வந்த பானை ஒண்டு வீட்டிலை வைச்சிருக்கிறன். அதுக்கு ஏதும் மதிப்பு இருக்கோ?"

இருக்கிறது, ஆனால் பாதிக்கு மேல் கிணற்றடி மண்ணோடு போய்விட்டது ஐயா. எத்தனை அடியில் கிடந்தது, பக்கத்தில் எலும்பு இருந்ததா, சாம்பல் இருந்ததா, நிமிர்ந்தா கவிழ்ந்தா கிடந்தது என்பவைதான் நடு மட்டத்துக்கு வேண்டிய சரக்கு. பானை மட்டும் இருந்தால் கீழ் மட்டத்தோடு நிற்க வேண்டியதுதான். ஆனாலும் நினைவில் உள்ளதை ஒரு தாளில் எழுதிப் பானைக்குள் வையுங்கள். கிணறு வெட்டியவர் உயிரோடு இருந்தால் அவரிடமும் கேட்டு எழுதுங்கள்.

1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டப்படி இப்படிக் கிடைப்பவற்றை அறிவிக்க வேண்டும். இனிமேல் எங்காவது வெட்டும்போது வந்தால் எடுக்காதீர்கள். கிடந்தபடியே, பக்கத்தில் ஓர் அடிமட்டம் வைத்துப் படம் எடுத்துவிட்டுத் தொல்பொருள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள். ஒன்று எங்கள் ஆட்களுக்கும்: பானை கொண்டுவருகிறவரைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த வீட்டுக்காரர் ஒளித்துவிடுவார்.

5. "பங்கர் வெட்டி, மண்ணணை போட்டு, பிறகு புல்டோசரும் போன காணி. அங்கை போய் மண்ணடுக்குப் பார்த்து என்ன பிரயோசனம்?"

இதற்கென்றே ஒரு கோட்பாட்டுத் துறை இருக்கிறது. 1970களில் மைக்கேல் ஷிஃபர் அதை ஒழுங்குபடுத்தினார். அவர் சொன்னது எளிது: ஒரு பொருள் மண்ணுக்குள் போனதிலிருந்து நம் கைக்கு வரும்வரை அதற்கு நடந்தவற்றை முதலில் கணக்கெடுக்க வேண்டும். மனிதர் செய்தது ஒரு பக்கம், இயற்கை செய்தது இன்னொரு பக்கம்.

எங்கள் மண்ணில் அந்தக் கணக்கு நீளமானது. கிணறு வெட்டினால் அடிமண் மேலே வந்து குவியும். மிகப் பழைய ஓடு புல்லுக்கு மேல் கிடக்கும். பனம்பாத்தி போட்டுக் கிழங்கு கிண்டினால் மேலடுக்கு கலங்கும். தோட்டத்துக்கு எருவும் குழையும் வேறு காணி மண்ணும் ஏற்றிப் பறிப்போம். அதோடு அந்தக் காணி ஓடும் வந்து சேரும். இதற்கு மேல் போர்க்காலப் பங்கரும் (பதுங்குகுழி) மண்ணணையும். மண்ணணைக்குள் கிடக்கிற ஓடு அந்த இடத்து ஓடா, கால் மைல் தள்ளி அள்ளிய மண்ணில் வந்ததா என்று கேட்காமல் அதைப் படத்தில் புள்ளியாகக் குறிக்கக்கூடாது. இயற்கையின் பக்கத்தில் ஒரு நன்மை உண்டு: சுண்ணாம்பு கலந்த மண் எலும்பை ஓரளவு காப்பாற்றும், அமில மண் தின்றுவிடும்.

ஆக, குழம்பிய காணி பயனற்ற காணி என்றில்லை. குழப்பத்தையும் அடுக்காக வாசிக்க வேண்டும், அவ்வளவுதான். பங்கர்ச் சுவரைச் சுத்தமாகச் சுரண்டினால் வெட்டாமலே, மண்ணடுக்குகள் தெரியும் ஒரு வெட்டுமுகம் கிடைக்கும். கண்ணிவெடி அகற்றி ஒப்படைத்த காணிதானா என்பதை மட்டும் முதலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். இதில் விளையாட்டு வேண்டாம்.

6. "பள்ளி பள்ளி எண்டு எத்தினை இருக்கு? சோதனைக்குச் சுருக்கமாச் சொல்லுங்கோ."

பள்ளி என்றால் ஒரே வழியில் சிந்திக்கிறவர்களின் கூட்டம். சோதனைக்கு என்றால் மூன்று போதும். பண்பாட்டு-வரலாற்றுப் பள்ளி: எந்தப் பண்பாடு, எங்கே, எப்போது என்று கேட்கும், மாற்றம் கண்டால் ஆட்கள் வந்தார்கள் அல்லது வழக்கம் பரவியது என்று சொல்லும். கோர்டன் சைல்ட் இதன் பெரிய பெயர், ஆனால் அவர் மார்க்சியரும்கூட. செயல்முறைத் தொல்லியல் ('புதிய தொல்லியல்' என்பதும் இதுதான்): 1962இல் பின்ஃபோர்ட் எழுதிய கட்டுரையோடு வேகமெடுத்தது, இங்கிலாந்தில் டேவிட் கிளார்க் 1968இல் தன் நூலைக் கொண்டுவந்தார். சமூகம் சூழலோடு எப்படி ஈடுகொடுக்கிறது, ஏன் மாறுகிறது என்று கருதுகோள் வைத்துச் சோதிக்கும். பின்-செயல்முறை: 1980களில் இயன் ஹொடர் முதலானோர். பொருளுக்கு அர்த்தம் உண்டு, வாசிப்பவருக்கும் ஒரு நிலைப்பாடு உண்டு என்பார்கள். மார்க்சியம், பெண்ணியம், பரிணாமவாதம் எல்லாம் இவற்றுக்குக் குறுக்கே ஓடும்.

ஒன்று வந்ததும் மற்றது செத்துவிட்டது என்று எழுதாதீர்கள். இலங்கையில் இன்று வெளிவருகிற அறிக்கைகளில் பெரும்பாலானவை இன்னும் முதற் பள்ளிக்காரரின் கேள்விகளோடுதான் தொடங்குகின்றன.

7. "கறுப்பு-சிவப்பு ஓடு கிடைச்சா அங்கை தமிழர் இருந்தவை எண்டு சொல்லலாம்தானே?"

முடியாது. எனக்கு ஆகக் கூடுதலாக வருகிற கேள்வி இதுதான், ஆகக் கூடுதலாக முகம் சுருங்குகிற பதிலும் இதுதான்.

இந்த வகை மட்பாண்டம் ராஜஸ்தானின் ஆகாரில் கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டுக்கு முன்னரே இருக்கிறது. தென்னிந்தியப் பெருங்கற்கால இடங்களில் நிறையக் கிடைக்கிறது. அனுராதபுரத்தின் ஆதி இரும்புக்கால அடுக்குகளிலும், தம்புள்ளைக்குப் பக்கத்தில் இப்பன்கட்டுவையிலும், புத்தளம் பொம்பரிப்பிலும், யாழ்ப்பாணக் குடாநாட்டில் கந்தரோடையிலும், ஆனைக்கோட்டையிலும் கிடைக்கிறது. ஓடு தமிழரின் அடையாள அட்டை என்றால் இத்தனை இடத்துக்கும் அதே அட்டையைக் கொடுக்க வேண்டும். இன்னொருவர் அதே ஓட்டைச் சிங்களவரின் அட்டை என்று வைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கு வந்தால் அவரை மறுக்கவும் வழியில்லாமல் போகும். இன்னும் ஒன்று. ஓடு ஒன்றாய் இருந்தாலும் புதைத்த முறை ஒன்றாய் இல்லை. பொம்பரிப்பில் தாழி, இப்பன்கட்டுவையில் கற்பேழை, ஆனைக்கோட்டையில் உடலை நீட்டிக் கிடத்திய குழி.

'தெளிவாக எல்லை தெரியும் பண்பாட்டு வட்டாரம் ஒன்று என்றால் அங்கே ஓர் இனம்' என்ற சமன்பாட்டை 1911இல் ஜேர்மனியில் குஸ்தாவ் கொசின்னா அழுத்திச் சொன்னார். பிறகு நாசிகள் அதை எடுத்துக்கொண்டு அயல்நாட்டு நிலத்துக்கு உரிமை கேட்டார்கள். சமன்பாடு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அது போதும். அப்படியென்றால் ஓடு ஒன்றுமே சொல்லாதா? சொல்லும். பொம்பரிப்புத் தாழிகளுக்கும் அக்கரையில் தமிழ்நாட்டு ஆதிச்சநல்லூர்த் தாழிகளுக்கும் உள்ள ஒற்றுமையும், இரு கரை ஓடுகளிலும் கீறியிருக்கும் ஒரே மாதிரிக் குறியீடுகளும், கடல் இந்த மக்களைப் பிரிக்கவில்லை என்று சொல்கின்றன. பலமான கூற்று அது. அதை விட்டுவிட்டு ஏன் பலவீனமானதைப் பிடித்துத் தொங்க வேண்டும்?

8. "அப்ப ஆனைக்கோட்டை முத்திரை? அதிலை எழுத்தே இருக்கே!"

எழுத்து வந்தால் நிலைமை மாறும், உண்மைதான். 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழு ஆனைக்கோட்டையில் அகழ்ந்த ஈமக்குழியில் அந்தச் சிறிய முத்திரை கிடைத்தது. மேல் வரியில் குறியீடுகள், கீழ் வரியில் பிராமி எழுத்து. 'கோவேத' என்று படித்துத் தமிழ்ப் பெயர் அல்லது பட்டம் என்று விளக்கினார்கள். எழுத்தை அடையாளம் காண்பது கீழ் மட்டம். ஒரு மனிதரோடு புதைக்கப்பட்ட முத்திரை அவருடையதுதானா, பரிசா, பழம்பொருளா என்பது நடு மட்டம். இங்கே ஓர் அரசன் இருந்தான், அரசு இருந்தது என்பது மேல் மட்டம். பத்திரிகைத் தலைப்பு முதலாவதிலிருந்து மூன்றாவதுக்கு ஒரே பாய்ச்சலில் போய்விடும்.

வடமராட்சி வல்லிபுரத்தை எடுங்கள். 1936இல் கிடைத்த பொற்சாசனம் பிராகிருதத்தில் எழுதப்பட்டது. அனுராதபுரத்து வசப மன்னன் காலத்தில் நாகதீவை ஆண்ட அமைச்சனைப் பற்றியும் ஒரு விகாரையைப் பற்றியும் சொல்கிறது. அதை வைத்து வல்லிபுரத்து வீடுகளில் என்ன மொழி பேசினார்கள் என்று சொல்ல முடியாது. சாசன மொழி வேறு, அடுப்படி மொழி வேறாக இருக்கலாம். ஆனைக்கோட்டைக்கு ஓர் அளவுகோல், வல்லிபுரத்துக்கு வேறோர் அளவுகோல் வைத்திருப்பவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள்.

9. "புதிய தொல்லியல்காரர் யாழ்ப்பாணத்துக்கு வந்திருந்தா என்ன செய்திருப்பினம்?"

தண்ணீரில் தொடங்கியிருப்பார்கள். வருடம் முழுக்க ஓடும் ஆறு குடாநாட்டில் இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் உவர் நீருக்கு மேல் மிதக்கும் நன்னீரை நம்பித்தான் ஊர்கள். கந்தரோடை மாரியில் ஓடும் வழுக்கையாற்றின் அருகில் இருக்கிறது. ஆனைக்கோட்டை கடனீரேரிக்குக் கிட்ட. ஆகவே 'ஆதிக் குடியிருப்புகள் நல்ல நீருக்கும் படகு கட்டும் கரைக்கும் அருகில் அமைந்தன' என்று கருதுகோள் வைத்திருப்பார்கள்.

அவர்கள் நமக்குத் தரும் முக்கியமான பாடம் அடுத்த படியில் வருகிறது. இந்தக் கருதுகோளைச் சோதிக்க நீர் இல்லாத இடங்களிலும் நடந்து தேட வேண்டும். குடாநாட்டைக் கட்டங்களாகப் பிரித்து, கண்ணை மூடிக்கொண்டு சில கட்டங்களைத் தெரிந்தெடுத்து, வெறுங்காணி என்றாலும் நடந்து, 'ஒன்றும் இல்லை' என்பதையும் பதிய வேண்டும். நாங்கள் கோயிலடிக்கும் பேர்போன மேட்டுக்கும் மட்டும் போனால் அங்கே மட்டும்தான் கண்டெடுப்போம். பொ. இரகுபதி குடாநாட்டிலும் தீவுகளிலும் செய்து 1987இல் நூலாக்கிய மேலாய்வு இன்றும் எங்களுக்கு அடித்தளமாக இருப்பது, ஓரிடத்தைத் தோண்டுவதைவிட ஊர்களுக்கிடையிலான தொடர்பைப் பார்த்ததால்தான்.

10. "பெரிய கட்டடம் ஒண்டும் கிடைக்கேல்லை. அப்ப ஆக்கள் இருந்ததுக்கு என்ன சாட்சி?"

மண்சுவர், பனைமரத் தூண், கிடுகுக் கூரை. நூறு வருடத்தில் இவற்றில் என்ன மிஞ்சும்? தூண் நட்ட குழியின் நிறமாற்றம், மெழுகிய தரையின் இறுகிய தட்டு, அடுப்புச் சாம்பல். மண்வெட்டியால் அவசரமாய்க் கொத்தினால் இவை தெரியாது. கரண்டியால் சுரண்டினால் தெரியும். இல்லாததைக் கண்டு 'இல்லை' என்று சொல்லுமுன், இருந்திருந்தால் மிஞ்சியிருக்குமா என்று கேட்பது 5ஆம் பதிலின் தொடர்ச்சி.

11. "காபன் திகதி வந்தாப் பிறகு தியரிக்கு என்ன வேலை?"

ஆய்வகம் சொல்வது, அந்தக் கரித்துண்டு எப்போது உயிர்விட்டது என்பதை. குழிக்குள் அது எப்படி வந்தது என்பதை அது சொல்லாது. வயதான மரத்தின் நடுவைரத்தை எரித்திருந்தால் அடுப்பை விடக் கரி மூத்ததாயிருக்கும். எலி வளைக்குள் விழுந்திருந்தால் இளையதாயிருக்கும். அனுராதபுரத்தில் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகள் கி.மு. 4ஆம் நூற்றாண்டளவான அடுக்கில் கிடைத்தன என்று 1990களில் ரொபின் கனிங்ஹாம் குழு வெளியிட்டபோது, எழுத்து அசோகனுக்கு முந்தியதா என்ற விவாதம் கிளம்பியது. அங்கே முதலில் கேட்க வேண்டியது 'ஓடு அந்த அடுக்குக்கு உரியதுதானா' என்பது. நடு மட்டம்தான் மறுபடியும்.

இன்னொரு சிக்கல் நாம் ஆராய்கிற காலத்துக்கே உரியது. காபன் அளவை நாட்காட்டி ஆண்டாக மாற்றும் வளைகோடு கி.மு. 800 முதல் 400 வரை கிட்டத்தட்டத் தட்டையாகக் கிடக்கிறது. அந்த நானூறு வருடத்துக்குள் விழும் மாதிரி, எவ்வளவு நுணுக்கமாக அளந்தாலும் அகன்ற வீச்சாகத்தான் வரும். கீழடியில் 353 சென்ரிமீற்றர் ஆழத்து மாதிரிக்கு கி.மு. 580 என்று 2019இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அறிவித்தது. அந்த எண்ணும் இந்தத் தட்டைக்குள்தான் நிற்கிறது. எங்கள் ஆதி இரும்புக்காலமும் அங்கேதான். ஒற்றை எண்ணைச் சுவரொட்டியில் போடுமுன் அதன் வீச்சைக் கேளுங்கள்.

ஓட்டின் களிமண்ணை ஆய்வதும் அப்படித்தான். புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் 1945இல் மோர்ட்டிமர் வீலர் பிரபலமாக்கிய ரௌலட்டட் மட்பாண்டம் (உட்புறத்தில் புள்ளிவரி வளையங்கள் பதித்த தட்டு வகை) கந்தரோடையிலும் உண்டு. பல இடத்து ஓடுகளை ஆய்வகத்தில் ஒப்பிட்டவர்கள் அவை ஒரே மண்வளத்திலிருந்து வந்தவை போலிருக்கின்றன என்றார்கள். சரி, வந்தது வணிகரோடா, துறவிகளோடா, தட்டைத் தூக்கிக்கொண்டு வந்த மணப்பெண்ணோடா? கருவி அதைச் சொல்லாது.

12. "பின்-செயல்முறை ஆக்கள் சொல்லுறபடி பார்த்தா, ஆர் என்ன சொன்னாலும் சரி எண்டுதானே வரும்?"

அப்படிச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கட்டுரைகளை நானும் பொறுமையோடு வாசித்திருக்கிறேன். ஆனால் அந்தப் பள்ளியின் நல்ல பகுதி வேறு. கந்தரோடையில் நெருக்கமாய் நிற்கும் சின்னத் தூபிகளை எடுங்கள். துறவிகளின் நினைவுச் சின்னங்கள் என்று ஒருவர் சொல்வார், நேர்த்திக்கடனுக்குக் கட்டியவை என்பார் இன்னொருவர், முந்திய ஈம வழக்கத்தின் தொடர்ச்சியைப் பார்ப்பார் மூன்றாமவர். கட்டியவருக்கும் கும்பிட்டவருக்கும் பக்கத்தில் மாடு மேய்த்தவருக்கும் அவை ஒரே பொருளைத் தந்திருக்க வேண்டியதில்லை என்பதை ஹொடர் வழியினர் நினைவூட்டினார்கள். 1993இலிருந்து துருக்கியின் சத்தல்ஹோயுக்கில் ஹொடர் அகழ்ந்தபோது, குழிக்குள் நிற்கும்போதே விளக்கத்தை எழுதிப் பதிய வைத்தார்.

ஆனால் ஆதாரம் முரண்டு பிடிக்கும். மன்னாருக்குப் பக்கத்துப் பழைய துறைமுகமான மாந்தையில் கி.பி. 900 – 1100 காலத்து ஒரேயொரு கராம்பு (கிராம்பு) கிடைத்தது. அந்நாளில் கராம்பு விளைந்தது இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் மட்டும். யாருக்கு எந்த அரசியல் இருந்தாலும் அந்தக் கராம்பை வன்னியில் விளைந்தது என்று சொல்ல முடியாது. யாழ்ப்பாணத் தீவகத்து அல்லைப்பிட்டியில் ஜோன் கார்ஸ்வெல் 1977இல் கண்ட சொங் காலச் சீன மட்பாண்டமும் அதே மாதிரி. தனித்தனியே மெலிந்த புரிகள் முறுக்கினால் கயிறாகும் என்பதுபோல் ஆதாரங்கள் சேர்ந்து வலுப்பெறும் என்று மெய்யியலாளர் அலிசன் வைலி விளக்கினார். விளக்கம் பல இருக்கலாம். எல்லாமே ஒரே பாரம் தாங்காது.

13. "பெண்ணியத் தொல்லியல் எண்டா, பொம்பிளையளின்ரை நகையைத் தேடுறதோ?"

இல்லை தங்கச்சி. 1984இல் மார்கரெட் கொன்கியும் ஜேனட் ஸ்பெக்டரும் எழுதிய கட்டுரை கேட்டது: வேட்டை என்றால் ஆண், பானை என்றால் பெண் என்று எந்த ஆதாரத்தில் எழுதுகிறீர்கள்? சுவீடனின் பிர்காவில் 1878இல் அகழ்ந்த வைக்கிங் கல்லறை ஒன்றில் வாளும் ஈட்டியும் இரண்டு குதிரைகளும் இருந்தன. நூறு வருடத்துக்கு மேல் அவர் ஆண் போர்வீரர். 2017இல் மரபணு பார்த்தபோது பெண். ஆயுதத்தைப் பார்த்து ஆளைத் தீர்மானித்த அந்த இடைப்படி சோதிக்கப்படாத நடு மட்டம். எங்கள் ஈமக்குழிகளில் முத்திரை இருந்தால் தலைவன், மணி இருந்தால் பெண் என்று எழுதுமுன் இடுப்பெலும்பைப் பாருங்கள்.

14. "பின்ஃபோர்டின்ரை நடு மட்டமும் மேர்ட்டனின்ரை நடு மட்டமும் ஒண்டோ? ஹோக்ஸின்ரை ஏணியும் இதுதானோ?"

மூன்றும் மூன்று. சமூகவியலாளர் ரொபர்ட் மேர்ட்டன் சொன்னது வீச்சைப் பற்றி: எல்லாவற்றையும் விளக்கும் பெருங்கோட்பாட்டுக்கும் வெறும் தகவலுக்கும் நடுவே, சோதிக்கக்கூடிய அளவான கோட்பாடு. பின்ஃபோர்ட் அந்தப் பெயரை எடுத்து எச்சத்தையும் செயலையும் இணைப்பதற்கு வைத்தார். 1984இலேயே இந்தக் குழப்பத்தைச் சுட்டி ஒரு கட்டுரை வந்தது. வினாத்தாள் போடுகிறவர்கள் இன்னும் கவனிக்கவில்லை. கிறிஸ்தோபர் ஹோக்ஸின் 1954ஆம் ஆண்டு ஏணி, எதைப் பற்றிப் பேசுவது எளிது என்ற வரிசை: தொழில்நுட்பம் எளிது, பொருளாதாரம் அடுத்தது, சமூக அமைப்பு கடினம், சமயம் ஆகக் கடினம். ஒவ்வொரு படியிலும் நம் மூன்று மட்டங்களும் உண்டு. கந்தரோடைத் தூபி சமயப் படியில் நிற்கிறது. அதன் சுற்றளவை அளப்பது கீழ் மட்டம்.

15. "தொல்லியலிலை அரசியல் வேண்டாம் எண்டு சொல்லுறது நியாயம்தானே?"

ஆசைப்படலாம். 1984இல் புரூஸ் ட்ரிகர் தேசியவாத, காலனிய, ஏகாதிபத்தியத் தொல்லியல் என்று பிரித்துக் காட்டினார். எந்த இடத்துக்குப் பணம் போகிறது, எந்தப் பெயர்ப்பலகை வைக்கப்படுகிறது, எந்த மேடு 'தொல்பொருள் இடம்' ஆகி வேலி போடப்படுகிறது என்பதில் அரசியல் இருக்கிறது. நிலத்தை இழந்தவருக்கு இதைப் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆனால் இதற்கு மாற்றாகக் கொசின்னாவை (7ஆம் பதில்) தமிழில் எழுதுவது வழியல்ல. யாருடைய அறிக்கை என்றாலும் குழிப் பதிவு, வெட்டுமுகப் படம், மாதிரி எடுத்த இடம் மூன்றையும் கேளுங்கள். தர மறுப்பவர் எந்தப் பக்கத்தவராக இருந்தாலும் அவர் மேல் மட்டத்தில் மட்டும் நிற்கிறார்.

16. "ஆய்வுக்கட்டுரை எழுதுறன் சேர். நான் எந்தப் பள்ளி எண்டு போடுறது?"

போட வேண்டாம். இரண்டாம் அத்தியாயத்தில் பின்ஃபோர்ட், ஹொடர் என்று பத்துப் பக்கம் எழுதிவிட்டு மூன்றாம் அத்தியாயத்திலிருந்து அவர்களை மறந்துவிடும் கட்டுரைகள் எனக்கு மாதாமாதம் வருகின்றன. அந்தப் பத்துப் பக்கத்தை வெட்டிவிட்டு உங்கள் கேள்வி என்ன என்று நாலு வரி எழுதுங்கள். கந்தரோடை ஓடுகளின் காலவரிசைதான் கேள்வி என்றால் பண்பாட்டு-வரலாற்று முறை தாராளமாகப் போதும், வெட்கப்பட ஒன்றுமில்லை. குடியிருப்பும் நீரும் என்றால் 9ஆம் பதிலின் வழி. இன்று ஒரு மேட்டை ஊரவர் எப்படிப் பார்க்கிறார்கள் என்றால் ஹொடர் வழியினரிடம் போங்கள்.

பிறகு முடிவுரையை எடுத்து, ஒவ்வொரு வசனத்துக்கும் பக்கத்தில் கீழ், நடு, மேல் என்று பென்சிலால் குறியுங்கள். 'மேல்' என்று குறித்த வசனத்துக்கு முன்னால் 'நடு' ஒன்றுகூட இல்லையென்றால் அந்த இடத்தில்தான் மேற்பார்வையாளர் கேள்வி கேட்பார். அதை முதலில் எழுதிக்கொண்டு வாருங்கள்.